தப்பு டிரைவரை எடுத்துப் போட்ட வெள்ளிக்கிழமை

தம்பி,

திட்டாமல் கடைசி வரை படி. உன் கம்ப்யூட்டரை நான் கழற்றினேன். ஆமாம், நானேதான். பக்கத்து மூடியின் திருகாணி இரண்டையும் கழற்றி, உள்ளே தலையை விட்டுப் பார்த்தேன். அதற்கு முந்தின நாள் அதைக் கெடுத்து வைத்ததும் நான்தான். கெடுத்ததையும் சொல்கிறேன், சரிப்படுத்தியதையும் சொல்கிறேன். போனில் சொல்லலாம் என்றால், நான் வாயைத் திறக்கும் முன்னே நீ "சாப்பிட்டியாம்மா, மழையா, அப்பா எங்க" என்று வரிசையாகக் கேட்டுவிட்டு வைத்துவிடுகிறாய். அதனால் தங்கச்சியின் கொப்பியில் நடுப்பக்கங்களைக் கிழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எழுதி முடித்ததும் அவள் போட்டோ எடுத்து உனக்கு அனுப்புவாள். எல்லாம் நேற்றோடு முடிந்துவிட்டது, ஆனால் எனக்கு இன்னும் படபடப்பு அடங்கவில்லை. பயத்தில் இல்லையடா, சந்தோஷத்தில்!

கவிதாவின் படம் பற்றி உனக்குத் தெரியும். பதுளையில் கட்டடப் படம் வரையப் படிக்கிற உன் தங்கச்சி, இரண்டு வருடப் படிப்புக்கும் கடைசியாகக் கொடுக்க வேண்டிய படம் அது. நம் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவைப் புதிதாகக் கட்டினால் எப்படி இருக்கும் என்று வரைந்திருந்தாள். நீயும் அவளும் நான் கொழுந்து பறிக்கப் போன காலத்தில் நாள் முழுக்கக் கிடந்த அறைதானே அது, ஒரே ஒரு ஜன்னலோடு. நேற்று வெள்ளிக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்குள் அதை இன்டர்நெட்டில் அனுப்ப வேண்டும். பிந்தினால் எடுக்க மாட்டார்கள். அடுத்த வருடப் பிள்ளைகளோடு உட்கார்ந்து முதலிலிருந்து செய்ய வேண்டும். கட்டடத்தை எழுப்பிக் காட்டுகிற அந்தக் கனமான புரோகிராம் ஓட வேண்டும் என்றுதானே நீ கட்டாருக்குப் போகிற வாரத்தில்கூட பதுளைக்கு அலைந்து, பழைய கிராபிக்ஸ் கார்டு ஒன்றைத் தேடிப் பிடித்து வந்து பூட்டினாய். அதில்தான் நான் கை வைத்தேன்.

வியாழக்கிழமை தேயிலை ஸ்டோரில் கொழுந்து குறைவு, மத்தியானமே அனுப்பிவிட்டார்கள். கவிதா வகுப்புக்குப் போயிருந்தாள். வந்து பார்த்தால் கம்ப்யூட்டர் திரையின் ஓரத்தில் ஏதோ ஒரு கட்டம் முளைத்து நிற்கிறது. என்னவோ ஏதோ என்று பயந்துபோய், கீழ் லயத்துக்கு வந்திருந்த டிவி பாஸைக் கூப்பிட்டேன். நமுனுகுல கடைத்தெருவில் டிவியும் போனும் திருத்துகிறாரே, அவர்தான். பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்லக்கா, கார்டுக்கு டிரைவர் பழசாயிருச்சு. புதுசு போட்டா பறக்கும்" என்றார். டிரைவர் என்றால் என்ன என்று கேட்டேன். கார்டு பேசுகிறது கம்ப்யூட்டருக்குப் புரியாதாம், கம்ப்யூட்டர் பேசுகிறது கார்டுக்குப் புரியாதாம், நடுவில் நின்று இரண்டு பேருக்கும் சொல்லிக் கொடுக்கிற ஆள்தான் டிரைவராம். நல்லா இருக்கே என்று நினைத்தேன். "கார்டு பேரு என்னான்னு தெரியுமாக்கா?" என்று கேட்டார் பார், எனக்கு அவ்வளவு பெருமை அந்த நிமிடத்தில்! நான்தான் ஒரு பெட்டியையும் எறிகிறவள் இல்லையே. அலுமாரிக்கு மேலே ஏறி அந்தச் சிவப்புப் பெட்டியை இறக்கி, துடைத்து, அதில் அடித்திருந்த பெரிய எழுத்துகளை ஒன்று ஒன்றாக நானே வாசித்துக் காட்டினேன்.

இப்போது வெட்கத்தை விட்டு ஒன்று சொல்கிறேன். அந்த மிஷின் எங்களைத் தடுத்தது. பாஸ் திரையைப் பார்த்து, "இது ஒங்க மிஷினுக்குப் பொருந்தாதுன்னு சொல்லுதேக்கா" என்றார். அவர் கையை எடுத்தும்விட்டார். நான்தான் விடவில்லை. "பெட்டியிலேயே அடிச்சிருக்கு பாஸ். கம்பெனிக்காரன் என்னா பொய்யா அடிப்பான்? நீங்க போடுங்க" என்றேன். அவரும் தலையைச் சொறிந்துகொண்டு, முன்வாசலால் விடாததைப் பின்வாசலால் தள்ளுகிற மாதிரி ஏதோ ஒரு சுற்றுவழியில் அதை ஏற்றிவிட்டார். கம்ப்யூட்டர் அணைந்து திரும்ப எழும்பியது. எழுத்தெல்லாம் பூசணிக்காய் அளவுக்கு வந்தது. பிறகு ஒரு தரம் மின்னியது. அதற்குப் பிறகு கறுப்பு. மவுஸை ஆட்டினாலும் கறுப்பு, தட்டினாலும் கறுப்பு. பாஸ் ஒரு மணி நேரம் மல்லுக்கட்டிவிட்டு, "நாளைக்கி மொனராகலைக்குப் போறேன்க்கா, ஞாயித்துக்கெழம வந்து பாக்குறேன்" என்று போய்விட்டார். அவர்மேல் பழி போடாதே. அவர் நிறுத்தினார், தள்ளிவிட்டவள் நான்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று நானே யோசித்துப் பார்த்தேன். பதினாறு வருடமாக நான் ஸ்டோரில் செய்கிற வேலை என்ன? தேயிலை மூட்டையில் எழுத்து வெட்டிய தகரத் தட்டை வைத்து, கறுப்பு மையில் தூரிகையைத் தோய்த்து, பெயர் அடிக்கிறேன். நான் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் படித்தவள் இல்லை. அந்தத் தகரத் தட்டு எழுத்துகள்தான் எனக்குத் தெரிந்த இங்கிலீஷ், அதுவும் பெரிய எழுத்து மட்டும்தான். மூட்டையில் என்ன அடித்திருக்கிறதோ அதுதான் உள்ளே இருக்கும் என்பது என் உடம்பில் ஊறிவிட்டது. இத்தனைக்கும் ஒரு நாள் நானே தட்டு மாறி, தூளுக்கு அடிக்க வேண்டியதை இலைக்கு அடித்து, லொறி வந்து நிற்கும்போது டீமேக்கர் ஐயா கண்டுபிடித்து, அத்தனை மூட்டையையும் பிரித்து மாற்றிக் கட்டியிருக்கிறேன். தப்பாக அடித்துப் பார்த்தவளே அடித்த எழுத்தை நம்பினேன் என்றால் என்னை என்ன சொல்வது, நீயே சொல்.

அன்று பின்னேரம் கவிதா வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் கம்ப்யூட்டர் முன்னால் நின்றாள். "என்னாம்மா செஞ்சு வச்சிருக்க?" என்றாள். கத்தவில்லை தம்பி, மெதுவாகத்தான் கேட்டாள். கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தி மனசை ஆற்றியிருப்பேன். உனக்குப் போன் போட்டுப் போட்டுப் பார்த்தாள். உன் வேலையிடத்தில் போனை வாங்கி வைத்துவிடுவார்கள் என்று தெரியும், இருந்தாலும் போட்டாள். காலையில் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு பதுளைக்கே போய்விடலாம் என்று முடிவு செய்தோம். விடிந்து பார்த்தால் பசறை வழியில் மண் சரிந்து வீதியை மூடிவிட்டது, மத்தியானம் வரை பஸ் இல்லை என்கிறார்கள். ஓட்டோக்காரத் தம்பியும் கையை விரித்துவிட்டான். உன் அப்பா, "அதெல்லாம் வெயில் வந்தா தானா சரியாயிரும்" என்று ஒரு வைத்தியம் சொல்லிவிட்டுக் கத்தியைத் தூக்கிக்கொண்டு தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்து மலைக்குப் போய்விட்டார். நான் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போய் லீவு சொல்லிவிட்டு வந்தேன்.

வந்து பார்த்தால் இவள் மூலையில் உட்கார்ந்து அழுகிறாள். எனக்கு வந்ததே கோபம், அவள்மேல் இல்லை, என்மேல். "எந்திரிடி. போட்டதை எடுக்க முடியாதா? ஒங்க இன்டர்நெட்டுல எல்லாம் இருக்குன்னு சொல்வியே, பாரு" என்றேன். நம் வீட்டில் போனுக்கு வாசற்படியில் நின்றால்தான் சிக்னல் என்று உனக்குத் தெரியும். அதனால் அவள் வாசற்படியில் குடையோடு நின்று போனைப் பார்த்து வாசிக்க, நான் உள்ளே நாற்காலியில் உட்கார்ந்து செய்ய வேண்டியதாயிற்று. "அம்மா நீயா?" என்றாள். "வேற யாரு இருக்கா? நீ சொல்லு, நான் அமுக்குறேன்" என்றேன். உன் நாற்காலியில் முதல் தடவையாக அப்போதுதான் முழுசாக உட்கார்ந்தேன். வசதியாகத்தான் இருக்கிறது.

முதலில் என்ன சொன்னாள் தெரியுமா? கம்ப்யூட்டர் எழும்பி வரும்போதே கழுத்தைத் திருக வேண்டுமாம்! எழும்ப எழும்ப பட்டனை அமுக்கிப் பிடித்து அணைக்க வேண்டும், அப்படி மூன்று தடவை கெடுத்தால்தான் அது "ஏதோ கோளாறு" என்று பயந்து திருத்துகிற பக்கத்தைக் காட்டுமாம். "நேரா சுவிட்சை அமுக்கிறாதம்மா" என்று நீ தலையில் அடிக்காத குறையாகச் சொல்லிவிட்டுப் போனவன். உன்னை நினைத்துக்கொண்டே ஒன்று, இரண்டு, மூன்று என்று அமுக்கினேன். மூன்றாவது தடவை நீலத்திரை வந்தது பார், நான் போட்ட சத்தத்தில் பக்கத்துக் காம்பராவில் இருந்து என்ன என்று எட்டிப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு அவள் சொல்லச் சொல்ல ஒவ்வொரு கதவாகத் திறந்தோம். எழுத்தெல்லாம் சின்ன எழுத்து, எனக்குப் புரியாது. "மேல இருந்து எத்தனாவது வரி?" என்று கேட்பேன், அவள் "மூணாவது" என்பாள். கடைசியில் நாலாம் நம்பரை அமுக்கச் சொன்னாள். அமுக்கினேன். திரை வந்துவிட்டது! கறுப்புப் பின்னணி, நாலு மூலையிலும் ஒரே எழுத்து. கார்டை எழுப்பாமல் கம்ப்யூட்டர் மட்டும் பத்தியமாக எழும்புகிற முறையாம் அது.

அதற்குள் போய், கம்ப்யூட்டரில் பூட்டியிருக்கிற சாமான்களின் பட்டியலைத் திறந்து, திரைக்கான இடத்தில் அந்தத் தப்பு டிரைவரைக் கண்டுபிடித்தோம். பெட்டியில் இருந்த அதே பெயர், நான் வாசித்த அதே பெரிய எழுத்துகள், மகாராசா மாதிரி உட்கார்ந்திருந்தது. எடு என்று அமுக்கினேன். போய்விட்டது. ஆகா, இவ்வளவுதானா என்று கம்ப்யூட்டரை அணைத்துத் திரும்பப் போட்டோம். எழுத்து பூசணிக்காய் ஆனது, மின்னியது, கறுப்பு. தம்பி, எனக்கு அழுகையே வந்துவிட்டது. மணி பதினொன்றரை. கவிதா குடையை மடக்கிப் போட்டுவிட்டு, "விடும்மா, அடுத்த வருஷம் செய்றேன்" என்றாள். அந்த வார்த்தையை அவள் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவே இல்லை. நீயும் ஒரு தடவை இப்படித்தான் "விடும்மா" என்று சொன்னாய், அதைப் பிறகு சொல்கிறேன். "அடுத்த வருஷம் என்னாடி அடுத்த வருஷம், மறுபடி வாசி" என்று அதட்டினேன்.

மறுபடி வாசித்தாள். அப்போதுதான் கண்டுபிடித்தாள். எடு என்று அமுக்குகிற இடத்தில் கீழே ஒரு சின்னக் கட்டம் இருந்திருக்கிறது. அதற்குள் சரி போட வேண்டும். போடாவிட்டால் டிரைவர் வெளியே போன மாதிரிக் காட்டிவிட்டு உள்ளே ஒளிந்திருந்து, கம்ப்யூட்டர் எழும்பும்போது தானே வந்து உட்கார்ந்துகொள்ளும். சரி போட்டால்தான் வேரோடு போகும். அவசரத்தில் நாங்கள் அந்தக் கட்டத்தைப் பார்க்கவே இல்லை. இன்டர்நெட் தொடர்பையும் அதுவரை வெட்டி வைக்க வேண்டுமாம், இல்லாவிட்டால் அது வேறு எதையாவது இழுத்துப் போட்டுக்கொள்ளுமாம். திரும்ப மூன்று தடவை கழுத்தைத் திருகி, திரும்ப நாலை அமுக்கி, இந்த முறை கட்டத்தில் சரி போட்டு எடுத்தேன். கூடவே அது கொண்டு வந்து இறக்கியிருந்த மற்ற சாமான்களையும் ஒவ்வொன்றாகத் தேடி வெளியே போட்டோம். அணைத்துப் போட்டால், படம் கொஞ்சம் மங்கல், எழுத்து கொஞ்சம் பெரிசு, ஆனால் கறுக்கவில்லை! கவிதா ஓடி வந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். ஈரக் குடையோடு. என் முதுகெல்லாம் தண்ணீர்.

ஆனால் சரியான டிரைவரைப் போட வேண்டுமே, கார்டின் உண்மைப் பெயர் என்ன? பெட்டி பொய் என்று ஆகிவிட்டது. கார்டிலேயே எழுதியிருக்கும் என்று அவள் சொன்னாள். வயரை எல்லாம் கழற்றி, கம்ப்யூட்டரைப் படுக்க வைத்து, உன் திருப்புளியால் மூடியைத் திறந்தேன். உள்ளே கார்டின் முதுகில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. உன் கையெழுத்து. பெரிய பெரிய இங்கிலீஷ் எழுத்தில் ஒரு பெயர், அதன் கீழே தமிழில்: "அம்மா, பெட்டியில இருக்கிறது வேற கார்டோட பேரு. பஸ்ல அடிபடாம இருக்கக் கடைக்காரர் அதுல போட்டுக் குடுத்தாரு. இதுதான் சரியான பேரு. நீ வாசிக்கிற மாதிரி பெரிய எழுத்துல எழுதியிருக்கேன்."

நீ வாசிக்கிற மாதிரி. இந்தப் பெட்டிக் கதையை நீ கட்டாருக்குப் போகப் பஸ் ஏறும்போதும் சொன்னாய், இப்போது ஞாபகம் வருகிறது. "அம்மா, அந்தப் பெட்டி இருக்கே" என்று நீ ஆரம்பிக்க, நான் "முறுக்கு எந்தப் பையில வச்ச" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். நான் கேட்க மாட்டேன் என்று தெரிந்தே எழுதி ஒட்டி வைத்திருக்கிறாய். உன்னைப் பெற்றவள் உன்னை அறிந்ததைவிட நீ என்னை அறிந்திருக்கிறாய்.

மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நான் எழுத்து எழுத்தாக வாசிக்க, கவிதா போனில் அந்தப் பெயருக்கான டிரைவரை இறக்கி, வயரால் கம்ப்யூட்டருக்கு மாற்றினாள். இந்த முறை மிஷின் ஒரு மறுப்பும் சொல்லவில்லை. அணைந்து எழும்பியபோது திரை கழுவி வைத்த மாதிரி இருந்தது. அவளுடைய புரோகிராம் திறந்தது. பிள்ளைக்காம்பரா எழும்பியது, கலரில்! மூன்று பக்கமும் ஜன்னல், தரை வரைக்கும் வெளிச்சம், சரிவைப் பார்த்த பக்கம் உட்காருகிற நீள வாங்கு ஒன்று. "இது என்னாத்துக்கு?" என்று கேட்டேன். "கொழுந்து எட போட்டுட்டு வாற அம்மாமாரு ஒக்காந்து பால் குடுக்க. நீ நின்னுகிட்டே குடுத்தேன்னு சொன்னியே" என்றாள். இரண்டே முக்காலுக்கு அனுப்பினாள். வந்து சேர்ந்தது என்று பதிலும் வந்துவிட்டது. நான் கம்ப்யூட்டர் முன்னாலேயே ஒரு ஆட்டம் போட்டேன், அவள் வீடியோ எடுத்து வைத்திருக்கிறாள், அனுப்பினால் அழித்துவிடு. அப்பா மலையிலிருந்து வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "நான் சொன்னேன்ல, தானா சரியாயிரும்னு" என்றார். அவருக்கு அன்றைக்குத் தேத்தண்ணீர் பிந்தித்தான் கிடைத்தது.

சந்தோஷத்தோடு சந்தோஷமாகக் கவிதா ஒன்றைச் சொல்லிவிட்டாள். "அண்ணன் இருந்திருந்தா அஞ்சு நிமிஷம்மா" என்றாள். பிறகு, நீ அங்கேயே இன்னும் இரண்டு வருட வேலைக்குக் கையெழுத்துப் போடப் போகிறாயாம். "ஏண்ணே, வந்து இந்தக் கம்ப்யூட்டர் வேலையவே படிக்கலாமே" என்று இவள் கேட்டதற்கு, "எனக்குப் படிப்பு ஏறாதுன்னு தோட்டத்துக்கே தெரியுமே. மூட்ட தூக்குறத விட்டா எனக்கு வேற என்னா தெரியும்" என்று சிரித்துக்கொண்டே சொன்னாயாம். தம்பி, அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். நீ சாதாரண தரப் பரீட்சையில் கணக்கில் மட்டும் தவறிய வருடம், ஸ்டோர் வாசலுக்கு ஒரு விண்ணப்பப் பேப்பரோடு வந்து நின்றாய். "அம்மா, கணக்கு மட்டும் இன்னொரு தடவ எழுதுறேன்மா" என்றாய். நான் மூட்டைக்கு அடித்துக்கொண்டிருந்தேன். நிமிரவில்லை. "ஏறாதுன்னு ரிசல்ட் பேப்பர்லயே போட்டிருக்கு, பின்ன என்னா எழுதப் போற" என்று அத்தனை பேர் முன்னாலும் சொன்னேன். அவர்கள் சிரித்தார்கள். நீ "விடும்மா" என்று சொல்லிவிட்டுப் போனாய். அடுத்த திங்கட்கிழமை பண்டாரவளை ஹாட்வெயார் கடைக்கு அனுப்பி வைத்தேன். அதற்குப் பிறகு வீட்டுக்கு யார் வந்தாலும், நீ பக்கத்தில் இருக்கும்போதே, "பெரியவனுக்குப் படிப்பு ஏறாதுங்க" என்று சொல்லிச் சொல்லி, அந்தப் பெயரை உன்மேல் அழுத்தி அழுத்தி அடித்தேன். நீயும் அதை நம்பிவிட்டாய்.

உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு நாளும் திறந்து பார்க்கவில்லை. யாரும் சொல்லிக் கொடுக்காமல், பழைய சாமானைப் பொறுக்கி ஒரு கம்ப்யூட்டரையே கட்டி எழுப்பி, இங்கிலீஷ் தெரியாத அம்மா ஒரு நாள் அதைத் திறப்பாள் என்று யோசித்து, அவளுக்குப் புரிகிற எழுத்தில் எழுதி வைத்துவிட்டுப் போனவனுக்கா படிப்பு ஏறாது? நான் சொன்னது தப்பு. தெரியாமல் சொன்னேன் என்று தப்பிக்கவும் மாட்டேன். கேட்கப் பொறுமையில்லாமல் சொன்னேன். மன்னித்துக்கொள் என்று மேலோட்டமாகச் சொல்லிவிட்டால் அது உள்ளே ஒளிந்திருந்து திரும்ப வரும். அதனால் இன்று காலையிலேயே ஸ்டோருக்குப் போய், அன்று சிரித்தவர்களில் இன்னும் வேலையில் இருக்கிற மூன்று பேரிடமும், "என் மகனப் பத்தி நான் அன்னைக்கிச் சொன்னது பொய்" என்று சொல்லிவிட்டு வந்தேன். என்ன இவளுக்கு என்று பார்த்தார்கள். பார்க்கட்டும்.

அந்தப் பரீட்சையை வெளியிலிருந்து தனியாக எழுதுகிறவர்களுக்கு வயதுக் கட்டுப்பாடு இல்லை என்று கவிதா விசாரித்துச் சொன்னாள். எழுதுவதா, வருவதா, கையெழுத்துப் போடுவதா என்று நீதான் முடிவு செய்ய வேண்டும், நான் தள்ள மாட்டேன். ஒன்றே ஒன்று மட்டும் கேட்கிறேன். ஞாயிற்றுக்கிழமை போன் எடுக்கும்போது, அன்றைக்கு ஸ்டோர் வாசலில் நின்று கேட்டதை இன்னொரு தடவை கேளு. இந்தத் தடவை தூரிகையைக் கீழே வைத்துவிட்டு, உன் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்கிறேன்.

உன் அம்மா